பரடேயின் கண்ணாடி முகமூடி

கம்பளைக்கு அணித்தேயுள்ள கொத்மலையில் நீரின் விசையால் மின்சாரம் பிறப்பது, 1831இல் மைக்கேல் பரடே கண்டறிந்த தத்துவத்தினாலேயாகும். அதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்னரே அப்பெருமகனாரின் கண்கள் பறிபோக இருந்தன.

நைதரசனும் குளோரீனும் கூடிய எண்ணெய் போன்றதொரு திரவத்தைக் கண்டுபிடித்த பிரெஞ்சு அறிஞர் டியூலோங், அதன் வெடிப்பில் ஒரு கண்ணை இழந்தார். கடித வாயிலாக இச்செய்தியை அறிந்திருந்தும், சேர் ஹம்பிரி டேவி 1812இல் அதனை ஆராயத் துணிந்தார். குழாய் வெடித்து அவர் கண்ணும் காயமுற்றது. கற்றவர்க்கும் இத்துணை அசட்டையா! எழுத இயலாதிருந்த டேவிக்கு உதவ வந்தவரே இளைஞர் பரடே. 1813 ஏப்ரலில் அதே திரவம் பரடேயின் விரல்களிடையே வெடித்தது. நகம் கிழிந்தது, தெறித்த துண்டுகள் அவர் அணிந்திருந்த முகமூடியின் கண்ணாடியை வெட்டின. கண்கள் பிழைத்தன.

நம் மாணவரோ, ஆவி படிகிறதென்று காப்புக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிடுகின்றனர். நெற்றிக்கு அது எதற்கு?

சூடாக்கும் சோதனைக்குழாயின் வாய் எவரையும் நோக்கலாகாது. செறிந்த சல்பூரிக்கமிலத்தையே சிறிது சிறிதாக நீரில் விடுக; அமிலத்தில் நீரை விட்டால் கொதித்துத் தெறிக்கும். தெறித்தது கண்ணிற் பட்டால், ஒருவர் ஆசிரியரிடம் ஓடட்டும். பட்டவர் அக்கணமே குழாயடியில் இமையை விரித்துப் பதினைந்து நிமிடமாவது ஓடும் நீரிற் கழுவிக்கொண்டிருக்க வேண்டும். வைத்தியசாலைக்குப் புறப்படுவது அதன் பின்னரே.