வாகனத்திற்குள் படரும் பூஞ்சணம்



பூஜை விடுமுறையில் ஊருக்குப் போய், மூன்று வாரம் கழித்துக் கொல்கத்தா திரும்பும் நம் குடும்பங்கள் பலவற்றில் ஆண்டுதோறும் ஒரே முறையீடு எழுகிறது. உறையிட்டுப் பூட்டி வைத்துப்போன காரின் கதவைத் திறந்தவுடன் ஈரச் சாக்கின் வாடை முகத்தில் அடிக்கிறது. ஸ்டீயரிங்கின்மேலும் இருக்கைகளின்மேலும் சாம்பல் தூவினாற்போல வெண்பூஞ்சணம் படர்ந்திருக்கிறது. அதை ஒரு துணியால் துடைத்து, வாசனைப் புட்டி ஒன்றைத் தொங்கவிட்டு, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பள்ளிக்கும் ஆராதனைக்கும் புறப்பட்டுவிடுகிறோம். பத்து நாளில் அது திரும்பவும் வருகிறது. அது ஏன் திரும்புகிறது என்பதையும், திரும்பாதபடி செய்யவேண்டியது என்ன என்பதையும் இந்த மாதம் சிந்திப்போம்.

இது அழுக்கைக் குறித்த காரியம் மாத்திரமல்ல. சுவாசத்தைக் குறித்த காரியமுமாகும். ஈரமும் பூஞ்சணமும் உள்ள கட்டடங்களில் வசிப்போருக்கு இருமல், இழுப்பு, ஆஸ்துமா ஆகியவை கூடுதலாக வருகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2009-ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டி நூல் எடுத்துரைக்கிறது. காரோ வீட்டைக்காட்டிலும் மிகச் சிறிய அறை. கண்ணாடிகளை ஏற்றி ஏ.சி.யை இயக்கும்போது, உள்ளிருக்கும் நுண்வித்துக்களையே நாமும் நம் பிள்ளைகளும் திரும்பத் திரும்பச் சுவாசிக்கிறோம். காரில் ஏறினவுடன் தும்மலும் கண்ணெரிச்சலும் தொடங்கி, இறங்கினபின் தணியுமானால், அந்த அடையாளத்தை அசட்டை செய்யலாகாது.

டாக்குரியாவில் இது ஏன் அதிகம்?

பூஞ்சணத்தின் வித்து எந்தக் காற்றிலும் உண்டு. அது முளைக்க ஈரமும், மிதமான வெப்பமும், உணவாகச் சிறிது தூசியோ வியர்வையோ பிஸ்கட் துகளோ இருந்தால் போதும். டாக்குரியாவில் இவை யாவும் நிறைவாயுள்ளன. பழையவர்கள் டாக்குரியா ஏரி என்றழைக்கும் ரவீந்திர சரோவர் அருகில் இருக்கிறது. ஜூன் முதல் அக்டோபர் தொடக்கம்வரை காற்றில் ஈரம் ததும்பி நிற்கிறது. நிறுத்துமிடம் இல்லாத நம்மவர்கள் மரநிழலில் தெருவோரமாகவே வண்டியை விடுகிறார்கள். அங்கே வெயில் படுவதில்லை. உதிரும் இலைகளோ நீர் வடியும் துவாரங்களை அடைத்துவிடுகின்றன.

இதற்கு மேலாக வெள்ளமும் உண்டு. 2025 செப்டம்பர் 22 இரவு தொடங்கி மறுநாள் காலைவரை பெய்த மழையில் நகரத்தில் 250 மில்லிமீட்டருக்கு மேல் பதிவாயிற்று. டாக்குரியாவை அடுத்த ஜோத்பூர் பார்க்கில் 280 மில்லிமீட்டரைக் கடந்தது. நீரில் பாய்ந்த மின்சாரத்தால் பலர் உயிரிழந்தனர். தெருவில் நின்ற கார்களுக்குள்ளும் சாக்கடை கலந்த தண்ணீர் புகுந்தது.

வேதம் காட்டும் ஒழுங்கு

லேவியராகமம் 13, 14-ஆம் அதிகாரங்களில் வஸ்திரத்திலும் வீட்டுச் சுவரிலும் உண்டாகும் தோஷத்தைக் குறித்து வாசிக்கிறோம். மூலமொழியில் மனிதருடைய சரும வியாதிக்கும் இதற்கும் ஒரே சொல் வழங்குகிறது. பச்சையும் சிவப்புமாய்ச் சுவரில் தோன்றிப் படரும் அது பூஞ்சணமே என்று வேத அறிஞர் பலர் கருதுகின்றனர்.

அங்கே கட்டளையிடப்பட்ட ஒழுங்கைக் கவனியுங்கள். முதலாவது வீட்டிலுள்ள பொருள்களை வெளியேற்றவேண்டும். பின்பு ஆசாரியன் பார்த்து, வீட்டை ஏழு நாள் அடைத்து வைத்து, மறுபடியும் பார்க்கவேண்டும். படர்ந்திருந்தால் அந்தக் கற்களைப் பெயர்த்துப் பட்டணத்திற்குப் புறம்பே எறிந்து, சுவரைச் செதுக்கி, வேறு கல்லும் வேறு சாந்தும் வைக்கவேண்டும். அதற்குப் பின்னும் திரும்பினால் வீட்டையே இடித்துவிடவேண்டும். மேலே பூசி மறைக்கும்படி எங்கும் சொல்லப்படவில்லை. காலி செய்தல், ஆராய்தல், அகற்றுதல், மறுபடியும் பார்த்தல் என்னும் இந்த ஒழுங்கு காருக்கும் பொருந்தும்.

ஈரத்தின் வாசலைக் கண்டுபிடியுங்கள்

துடைக்குமுன் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மிதியடிகளை எடுத்துவிட்டு, தரைவிரிப்பின்மேல் பழைய செய்தித்தாளை விரித்துக் காலால் அழுத்துங்கள். தாள் நனைந்தால், மேலே உலர்ந்திருந்தும் அடியிலுள்ள பஞ்சு நீரைக் குடித்திருக்கிறது என்று அறிந்துகொள்ளலாம். அது அனேகமாக நான்கு வழிகளில் ஒன்றில் வந்திருக்கும்.

முதலாவது ஏ.சி. குழாய். புழுக்கமான நாளில் ஏ.சி.யைக் கால்மணி நேரம் ஓடவிட்டு வண்டியின் அடியில் பாருங்கள், நீர் சொட்டவேண்டும். சொட்டாமல் முன்வரிசைத் தரை நனைந்திருந்தால், குழாய் அடைபட்டு நீர் உள்ளே வடிகிறது. இரண்டாவது, முன்கண்ணாடியின் அடியில் வைப்பர் இருக்கும் பள்ளம். அங்கே இலைகள் மக்கிக் கிடக்கும். மூன்றாவது, கதவுகளின் ரப்பர் ஓரங்களும் அடிப்புறத் துவாரங்களும். நான்காவது டிக்கி, ஸ்டெப்னியைத் தூக்கினால் அடியில் நீர் தேங்கியிருக்கக் காணலாம். இவற்றைச் சரிசெய்யாமல் பூஞ்சணத்தைத் துடைப்பது வீண் பிரயாசமாகும்.

துப்புரவு செய்யும் முறை

1. வண்டியை வெயிலுள்ள திறந்தவெளியில் நிறுத்தி, நான்கு கதவுகளையும் டிக்கியையும் திறந்துவையுங்கள். என்-95 முகக்கவசமும் கையுறையும் அணியுங்கள். பிள்ளைகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் அருகில் வேண்டாம். இந்த வேலை முடியுமட்டும் ஏ.சி.யை இயக்காதீர்கள், அது வித்துக்களை எங்கும் ஊதிவிடும்.

2. மிதியடி, இருக்கை உறை, குடை, பொம்மை, காகிதம் யாவற்றையும் வெளியேற்றுங்கள். துவைக்கக்கூடியவற்றை வெந்நீரில் சோப்புத்தூளிட்டுத் துவைத்து வெயிலில் காயவிடுங்கள்.

3. உலர்ந்த துணியால் தட்டாதீர்கள், வித்துக்கள் பறக்கும். ஈரத்துணியால் ஒரே திசையில் வழித்தெடுத்து, துணியை அடிக்கடி மாற்றி, அழுக்கானதைப் பையில் கட்டி எறியுங்கள். செத்த பூஞ்சணமும் ஒவ்வாமையை உண்டாக்கும்; ஆகையால் அதைக் கொல்வதைவிட அகற்றுவதே முக்கியம்.

4. பிளாஸ்டிக் பாகங்களைச் சோப்பு நீரால் துடைத்தபின், வெள்ளை வினிகரும் தண்ணீரும் சமமாய்க் கலந்து தெளித்து, இருபது நிமிடம் விட்டுத் துடையுங்கள். துணி இருக்கைகளில் இதையே இலேசாகத் தெளித்து மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, பிழிந்த துணியால் ஒற்றியெடுங்கள், ஊறவைக்காதீர்கள். தோல் இருக்கைக்கு மிதமான சோப்பும் பிழிந்த துணியும் போதும். எதையும் முதலில் மறைவான ஓரத்தில் சோதித்துப் பாருங்கள்.

5. சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்து, மிதமான சோப்பு நீரால் துடைத்து, உலர்ந்த பின்பே சுருளவிடுங்கள். அதற்கு பிளீச் ஆகாது. நார் வலுவிழந்தால் விபத்தில் அது தாங்காது.

6. கேபின் ஃபில்டரை மாற்றுங்கள். பல வண்டிகளில் அது கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். ஏ.சி.யிலிருந்தே வாடை வந்தால், அதன் குளிர்ச்சுருளை மெக்கானிக்கைக் கொண்டு கழுவுவியுங்கள்.

7. இரண்டு மூன்று நாள் கண்ணாடிகளை இறக்கி வெயிலில் உலரவிடுங்கள். மழைநாளானால் கூரையின்கீழ் மேசை விசிறியை உள்ளே திருப்பி வையுங்கள். தரையின் அடிப்பஞ்சு உலராவிட்டால் அதைக் கழற்றிக் காயவைக்கவேண்டும். இருக்கையைக் கழற்ற நேர்ந்தால் மெக்கானிக்கிடம் விடுங்கள். அதன் அடியில் ஏர்பேக் கம்பிகள் இருக்கக்கூடும்.

செய்யக்கூடாதவை சிலவும் உண்டு. பிளீச்சுடன் வினிகரையோ கழிப்பறை ஆசிட்டையோ சேர்த்தால் நச்சு வாயு எழும்பும். மூடிய வண்டிக்குள் அது உயிருக்கே ஆபத்து. சாம்பிராணிப் புகை வாடையை மறைக்குமேயன்றிப் பூஞ்சணத்தை அகற்றாது. அந்துருண்டையின் ஆவியோ அடைபட்ட காருக்குள் குழந்தைகளுக்குத் தீங்கானது.

வெள்ளநீர் புகுந்திருந்தால்

நீர் தரைக்குமேல் ஏறின வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது. இன்ஜினுக்குள் நீர் இருந்தால் அது உடைந்துபோகும். அவ்விதச் சேதத்திற்கு, இன்ஜின் பாதுகாப்புக்கென்று தனியாகப் பணம் கட்டியிராவிட்டால், காப்பீடு பொதுவாகக் கைகொடுப்பதில்லை. புகைப்படம் எடுத்து, காப்பீட்டு நிறுவனத்திற்கு அறிவித்து, இழுத்துச் செல்லச் செய்யுங்கள். மின்சாரக் காராயின் நீங்களாக எதையும் தொடாதீர்கள். நனைந்தவை 24 முதல் 48 மணி நேரத்திற்குள் உலராவிட்டால் பூஞ்சணம் வேர்கொள்ளத் தொடங்கும். சாக்கடை நீர் குடித்த அடிப்பஞ்சைக் கழுவிப் பயனில்லை. அந்தக் கற்களைப்போலப் பெயர்த்தெறிந்து புதியது போடுவதே முறை.

கடன் வாங்கி முதன்முறையாகப் பழைய கார் வாங்கும் சகோதரருக்கும் ஒரு வார்த்தை. 2015-இலும் 2023-இலும் சென்னையில் மூழ்கிய கார்களைப்போல, இங்கே மூழ்கினவையும் மெருகேற்றப்பட்டுச் சந்தைக்கு வரக்கூடும். விலை மலிவாயிருந்தால் சீட் பெல்ட்டை முடிவுவரை இழுத்துச் சேற்றுக்கோடு உண்டோ என்று பாருங்கள். ஸ்டெப்னிக் குழியையும், இருக்கையின் அடியிலுள்ள இரும்புத் தண்டுகளில் துருவையும் பாருங்கள். கண்ணாடிகளை ஏற்றி, வாசனைப் புட்டியை வெளியே வைத்து, கால்மணி நேரம் உள்ளே அமர்ந்து முகர்ந்து பாருங்கள். பல வருஷத் தவணை கட்டப்போகிற உங்களுக்கு அந்தக் கால்மணி நேரம் பெரிதல்ல.

ஏழாம் நாளில் மறுபடியும் பாருங்கள்

துப்புரவு முடிந்த ஏழாம் நாளில் செய்தித்தாளை விரித்து மறுபடியும் சோதியுங்கள். தாள் உலர்ந்து, வாடையும் இல்லையானால் வேலை முடிந்தது. இனி வீடு சேர ஐந்து நிமிடம் இருக்கும்போது ஏ.சி. பொத்தானை அணைத்து, விசிறியை மாத்திரம் ஓடவிடுங்கள். உள்ளிருக்கும் ஈரம் உலரும். நனைந்த குடையையும் மழைக்கோட்டையும் இரவில் வண்டிக்குள் விடாதீர்கள். பிள்ளைகள் சிந்தின துகள்களை வாரந்தோறும் பெருக்குங்கள்.

அடுத்த விடுமுறையில் ஊருக்குப் புறப்படுமுன் வண்டியைத் துடைத்து உலர்த்தி, சாவியை அருகில் வசிக்கும் ஒரு சகோதரரிடம் கொடுத்துச் செல்லுங்கள். வாரம் ஒருமுறை வெயிலில் ஒருமணி நேரம் கதவுகளைத் திறந்துவைத்தால் போதும் என்று சொல்லுங்கள். அவர் ஊருக்குப் போகும்போது நீங்களும் அவருக்கு அப்படியே செய்யுங்கள்.