நகலும் நெருப்பும்

பழைய உருவத்தை இன்று கையால் செய்பவன் நகல்காரன் என்று நம் நண்பர்கள் சிலர் தீர்ப்புச் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள். எதை நகல் என்கிறோம் என்ற கேள்வி அவர்களைத் தொந்தரவு செய்யவில்லை. என்னைச் செய்கிறது.

சிக்கிமுக்கித் துப்பாக்கியை எடுத்துக்கொள்கிறேன். குதிரையின் வாயில் பிடித்த கல் எஃகில் உரச, பொறி கிண்ணியிலுள்ள மருந்தில் விழுந்து, பக்கத் துளை வழியே குழலுக்குள் நெருப்பாகப் பாயும். பதினேழாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பிரான்சில் உருப்பெற்ற கருவி. அடித்தாலே வெடிக்கும் ரசாயனத்தைக் கொண்டு ஸ்காட்லாந்துப் பாதிரி அலெக்ஸாண்டர் ஃபோர்சித் 1807இல் காப்புரிமை பெற்றபின் மெல்ல வழக்கொழிந்தது. இன்று அதன் கைத்துப்பாக்கி வடிவம் சுவரில் மாட்டுவதற்கென்று விற்கிறது. துத்தநாகக் கலவையில் வார்த்தது. பழமை தெரியக் கறை ஏற்றியது. விசையை இழுத்தால் குதிரை விழும், சத்தம்கூட வரும். நெருப்பு உள்ளே போகத் துளை கிடையாது. நகல் என்பது இது.

1969இல் வெளிவந்த ஓர் ஆவணப்படத்தில், அமெரிக்காவில் வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க் நகரில், வாலஸ் கஸ்லர் என்ற துப்பாக்கிக் கொல்லர் பதினெட்டாம் நூற்றாண்டு முறைப்படியே ஒரு ரைஃபிளைச் செய்கிறார். பட்டை இரும்பை உலையில் காய்ச்சி, கம்பியின்மேல் வளைத்து அடித்துக் குழலாக்குகிறார். திருகாணியும் அவர் செய்ததே. அழகு அங்கே பிறகு வரும் விஷயம். கல் உரசும் முகம் போதிய கடினம் பெறாவிட்டால் பொறி எழாது. வில் அதிகம் கடினப்பட்டால் ஒடியும், குறைந்தால் சோரும். குழலின் ஒட்டு பிடிக்காவிட்டால் குழலே வெடிக்கும். பழமைக்கென்று வெடிமருந்து சலுகை தருவதில்லை. அன்றைய கொல்லன் நின்ற அதே சோதனையின் முன் இவரும் நிற்கிறார். இதை நகல் என்று எந்தக் கூச்சமுமின்றி எப்படிச் சொல்வது?

நகலைக் காண அவர் பட்டறையை விட்டு வெளியே வரவேண்டும். ராக்ஃபெல்லர் பணத்தில் 1926 முதல் புதுப்பித்து நிறுத்திய ஊர் அது. வீடும் வேலியும் தோட்டமும் பழையபடி எழுந்தன. பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கு வாழ்ந்தோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பர்கள். அவர்கள் வாழ்வை நடித்துக்காட்டும் ஏற்பாடு 1979இல்தான் தொடங்கியது. அத்தனை வருஷமும் ஊரை இயக்கிய உழைப்பை விலக்கிவிட்டு ஊரின் தோற்றத்தை மட்டும் காட்டினார்கள். சுவர்த் துப்பாக்கியில் அடைபட்ட அதே துளை இங்கும் அடைபட்டிருந்தது.

ஆகவே பழசா புதுசா என்ற விசாரம் எனக்கு அலுப்பூட்டுகிறது. நேற்றைய யாப்பும் இன்று வார்ப்பில் கிடைக்கிறது. இன்றைய யாப்பின்மையும் அப்படியே. உடைத்த வரியும் விட்ட இடைவெளியும்கூட மேலே ஏற்றிய கறையாக இருக்கலாம். நண்பர்கள் தேதியைப் பார்த்துத் தீர்ப்பளிக்கிறார்கள். கவிதையைக் கையில் வாங்கி, பொறி விழுந்தால் அது உள்ளே போக வழி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் விமர்சகனின் வேலை. அந்த வேலையை இன்னும் யாரும் தொடங்கவில்லை.