கட்டிய நாயும் கட்டப்படாத பொறுப்பும்

கழுத்துப்பட்டியும் சங்கிலியுமாகத் தமது நாயை வீதிக்கு அழைத்து வரும் ஒருவர் மீது, திறந்து கிடக்கும் படலைக்குள் இருந்து இன்னொரு நாய் பாய்ந்து வருவது கொழும்பின் குடியிருப்புத் தெருக்களிலும் யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளிலும் இன்று புதினமான காட்சியல்ல. கட்டிய நாய்க்குத் தப்பி ஓட வழியில்லை. அதனைப் பிடித்திருப்பவரோ சங்கிலியை விடவும் முடியாமல், இறுக்கிப் பிடிக்கவும் முடியாமல் தவிக்கின்றார். பாய்ந்து வந்த நாயின் சொந்தக்காரர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "அது ஒன்றும் செய்யாது" என்கின்றார். கடித்து விட்டாலோ, "அது எங்களுடைய நாய் அல்ல, சும்மா வந்து நிற்கிறது" என்கின்றார். இவ்விரு வாசகங்களுக்கும் இடையில்தான் இந்நாட்டின் நாய்ப் பிரச்சினையில் பெரும்பகுதி அடங்கிக் கிடக்கின்றது எனலாம்.

வீதியில் நிற்கும் நாய்கள் அனைத்தையும் "கட்டாக்காலி" என்ற ஒரே சொல்லால் குறிப்பிடுவது எமது வழக்கமாகி விட்டது. பத்திரிகைகளும் இதற்கு விலக்கல்ல. ஆனால், அந்நாய்களுள் பல ஏதோ ஒரு வீட்டில் உணவு உண்பவை. ஏதோ ஒரு பெயரால் அழைக்கப்படுபவை. இரவில் ஏதோ ஒரு வளவைக் காவல் காப்பவை. பகலில் வீதியில், இரவில் வளவில் என வாழும் இந்நாய்கள் உண்மையில் கட்டாக்காலிகள் அல்ல, கட்டாமல் விடப்பட்டவை. இவ்வேறுபாடு வெறும் சொல் விளையாட்டு அன்று. முன்னையதற்கு உள்ளூராட்சி மன்றம் பதில் கூற வேண்டும். பின்னையதற்குப் பதில் கூற வேண்டியவர் படலைக்குள்ளேயே இருக்கின்றார்.

இதற்குச் சட்டம் இல்லை என்று எவரும் கூறிவிட முடியாது. 1893ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க நீர்வெறுப்பு நோய்க் கட்டளைச் சட்டமும், 1901ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டமும் பிரித்தானியர் காலத்தில் இயற்றப்பட்டவை. நாய் வளர்ப்பவர் அதனை உள்ளூர் அதிகார சபையில் ஆண்டுதோறும் பதிவு செய்ய வேண்டும் என்பதே பின்னைய சட்டத்தின் அடிப்படை. இவற்றுக்கு அப்பால், எமது பொதுச் சட்டமாக விளங்கும் ரோமன்-டச்சுச் சட்டத்திலும் மிகப் பழைமையான ஒரு கோட்பாடு உண்டு. எவரும் தூண்டாத நிலையில், வீட்டு விலங்கொன்று தன் இனத்தின் இயல்புக்கு மாறாக ஒருவருக்குத் தீங்கு விளைவித்தால், உரிமையாளரின் கவனயீனத்தை நிரூபிக்காமலேயே அவரிடம் நட்டஈடு கோரலாம் என்பதே அது. ஆயினும் உரிமையாளர் இன்னாரென்பதை நிரூபித்தாக வேண்டும். பதிவேடு இல்லாத ஊரில் இதனை நிரூபிப்பது யார்? நாய்க்கடிக்காக மாவட்ட நீதிமன்றப் படிகளில் ஆண்டுக்கணக்கில் ஏறி இறங்கத்தான் எத்தனை பேர் முன்வருவர்?

2006ஆம் ஆண்டில், வீதி நாய்களைப் பிடித்துக் கொல்லும் நடைமுறையை அரசாங்கம் நிறுத்தியது. கருத்தடைச் சத்திரசிகிச்சையும் தடுப்பூசியுமே இனி வழி என்று அறிவிக்கப்பட்டது. அம்முடிவு சரியானதே என்பதே எமது கருத்து. கொன்று குறைக்கும் முறையினால் நோய் கட்டுப்படுவதில்லை. ஒரு தெருவில் அகற்றப்பட்ட நாய்களின் இடத்தைத் தடுப்பூசி ஏற்றப்படாத வேறு நாய்கள் விரைவிலேயே நிரப்பி விடுகின்றன. நாய்களில் 70 வீதமானவற்றுக்கேனும் தடுப்பூசி ஏற்றினால் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலக சுகாதார நிறுவனம் நீண்ட காலமாக வலியுறுத்தி வரும் கணக்கு. எனினும், கொல்வதை நிறுத்திய அரசு அதன் மறுபாதியை, அதாவது வளர்ப்பவரின் பொறுப்பை, அதே உறுதியுடன் நடைமுறைப்படுத்தவில்லை. நாய் பிடிக்கும் வண்டி வருமென்ற அச்சத்தினாலேனும் முன்னர் நாயைக் கட்டி வைத்தவர்கள், அந்த அச்சம் நீங்கியதும் அவிழ்த்து விட்டனர். உயிர்களிடத்து இரக்கம் என்ற பெயரில் கிடைத்த சலுகையைக் கவனயீனத்துக்குக் கிடைத்த அனுமதியாக அவர்கள் எடுத்துக் கொண்டனர்.

1970களின் முற்பகுதியில் ஆண்டொன்றுக்கு முந்நூறுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட நீர்வெறுப்பு நோய், அண்மைய ஆண்டுகளில் இருபது, முப்பது என்ற அளவுக்குக் குறைந்திருப்பது எமது சுகாதாரத் துறை பெருமைப்படக் கூடிய சாதனையாகும். ஆனால், அறிகுறிகள் தோன்றிய பின்னர் அநேகமாக எவரையும் காப்பாற்ற முடியாத நோய் இது. இத்தகைய நோயினால், உரிய வேளையில் தடுப்பூசி ஏற்றினால் தவிர்த்திருக்கக் கூடிய மரணம் ஒன்றேனும் நிகழ்வது விசனத்துக்குரியது.

"எங்களுடைய நாய் அல்ல" என்ற வாசகத்தின் உண்மையான விலை இங்கேதான் தெரிய வருகின்றது. கடித்த நாய் அடையாளம் காணப்பட்டு, அதன் தடுப்பூசி அட்டையும் கையில் இருந்தால், நாயை 14 நாட்கள் கட்டி வைத்து அவதானித்தே பல சந்தர்ப்பங்களில் வைத்தியர்கள் தீர்மானத்துக்கு வர முடியும். நாய்க்கு உரிமையாளர் இல்லையென்றாலோ அந்த வாய்ப்பு அற்றுப் போகின்றது. கடிபட்டவர் தடுப்பூசிக்காக மீண்டும் மீண்டும் வைத்தியசாலைக்கு அலைய வேண்டும். காயம் ஆழமானதாயின் நோயெதிர்ப்புச் சீரமும் ஏற்ற வேண்டியேற்படும். அரச வைத்தியசாலைகளில் இவை இலவசம் என்பதனால் செலவு இல்லாமல் போய் விடுவதில்லை. அயலவர் ஒருவர் மதிலுக்கு மேலால் சொல்லும் ஒரு பொய்க்குப் பொதுமக்களின் வரிப்பணத்திலிருந்து விலை கொடுக்கப்படுகின்றது. மற்றவரின் கையில் ஊசி ஏறுவதை விடத் தமது நாயைப் பதினான்கு நாட்கள் கட்டி வைப்பது பெரும் சுமையென அவர் கருதுகின்றார் போலும்.

தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் ஊர்களில் இதற்கு வேறொரு பக்கமும் உண்டு. இந்நாட்டு முஸ்லிம்களுள் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி, நாயின் எச்சில் பட்ட இடத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால், கழுவியாக வேண்டும். வைகறையில் சுபஹ் தொழுகைக்காகப் பள்ளிவாசலுக்கு நடந்து செல்லும் முதியவரின் மீது ஒரு நாய் பாய்ந்து முகர்ந்தாலே போதும், கடித்திருக்க வேண்டியதில்லை. அவர் வீடு திரும்ப வேண்டியதாகி விடுகின்றது. "அது ஒன்றும் செய்யாது" என்ற சமாதானம் அவருக்கு எவ்விதத்திலும் பொருந்தாது. அதேவேளை, காவலுக்கும் வேட்டைக்கும் மந்தை மேய்ப்புக்கும் நாய் வைத்திருப்பதை மார்க்கம் அனுமதிக்கின்றது என்பதையும், தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவருக்குப் பாவமன்னிப்புக் கிடைத்ததாகக் கூறும் நபிமொழியையும் நாய்க்குக் கல்லெறியும் இளைஞர்கள் அறிந்திருத்தல் நன்று. பைரவரின் வாகனமென்று நாயைப் போற்றுபவருக்கும் அதனைத் தெருவில் விட்டுவிடும் உரிமை எந்தச் சாத்திரத்திலும் இல்லை. அயல்வீட்டு நாய் பற்றிய முறைப்பாடு சமூகங்களுக்கிடையிலான மனக்கசப்பாகத் திரிவடைய அதிக நேரம் எடுப்பதில்லை என்பதால் இதனைக் குறிப்பிட நேர்ந்தது.

அயல்நாடான இந்தியாவில் 2025இல் நிகழ்ந்தவற்றை நோக்கலாம். தலைநகர் டில்லியின் தெருநாய்கள் அனைத்தையும் பிடித்துக் காப்பகங்களில் அடைக்குமாறு அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் இரு நீதியரசர் அமர்வு ஓகஸ்ட் 11ஆம் திகதி உத்தரவிட்டது. எதிர்ப்புகள் கிளம்பியதை அடுத்து, மூன்று நீதியரசர் அமர்வு ஓகஸ்ட் 22ஆம் திகதி அதனை மாற்றியமைத்தது. கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விட வேண்டும், நோயுற்றவையும் மூர்க்கமானவையும் மட்டும் விதிவிலக்கு என்றானது. பின்னர் நவம்பர் 7ஆம் திகதி பாடசாலைகள், வைத்தியசாலைகள், பஸ், ரயில் நிலையங்கள் ஆகியவற்றிலிருந்து நாய்களை அகற்றுமாறும், அவற்றை அங்கு மீண்டும் விடக் கூடாதெனவும் பணிக்கப்பட்டது. நாய் நேசர்களும் எதிர்ப்பாளர்களும் இரு அணிகளாகப் பிரிந்து நின்ற அந்த விவாதத்தில், வீட்டு நாயை வீதியில் விடுபவர் பெரும்பாலும் எவர் கண்ணிலும் படாமல் தப்பி விட்டார்.

பிரித்தானியாவின் வழி வேறு. அங்கு 1991ஆம் ஆண்டின் ஆபத்தான நாய்கள் சட்டத்தின்படி, நாய் கடித்திருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. கடித்துவிடும் என ஒருவர் நியாயமாக அஞ்சும் அளவுக்கு அது கட்டுப்பாடின்றி இருந்தாலே உரிமையாளர் குற்றவாளியாகின்றார். "எக்ஸ்.எல். புல்லி" என்ற வகை நாய்களை வீதிக்குக் கொண்டு வருவதாயின் வாய்மூடியும் சங்கிலியும் கட்டாயம் என 2023 டிசெம்பர் 31 முதலும், விதிவிலக்குச் சான்றிதழின்றி அவற்றை வைத்திருப்பதே குற்றம் என 2024 பெப்ரவரி 1 முதலும் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விதிக்கப்பட்டது. இனத்தைத் தடை செய்வதால் பயனுண்டா என்பதில் அங்கும் கருத்து வேறுபாடு உண்டு. எமக்கு வேண்டியது இனத்தடை அல்ல. அஞ்சுபவரின் அச்சத்தையும் சட்டம் கணக்கிலெடுக்கும் அந்த முதலாவது ஏற்பாடேயாகும்.

சட்டம் வரும்வரை நாயுடன் நடந்து செல்பவர் என்ன செய்வது? ஓடக் கூடாது, ஓடுவதைத் துரத்துவது நாயின் இயல்பு. பாய்ந்து வரும் நாயின் கண்களை உற்று நோக்காமல், தமது நாயைத் தமக்குப் பின்னால் நிறுத்தி, பக்கவாட்டில் நின்று மெல்ல விலக வேண்டும். கையில் குடை இருந்தால் நடுவில் விரித்துப் பிடிப்பது நல்ல தடுப்பு. கல்லெடுக்கக் குனிவது போன்ற பாவனைக்கு வீதி நாய்கள் அஞ்சுவதுண்டு. தன் படலைக்கு முன்னால் நிற்கும் காவல் நாயிடம் அது எப்போதும் பலிக்காது. இரு நாய்களும் கவ்விக் கொண்டால் நடுவில் கையை நுழைப்பது கூடாது. அவ்வேளையில் தமது நாயே தம்மைக் கடித்து விடக் கூடும். காயம் எவ்வளவு சிறிதாயினும் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடங்கள் கழுவிவிட்டு வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். மிளகாய்த் தூள், மஞ்சள் என்று காலம் கடத்துவது உயிரோடு விளையாடுவதாகும். கடிபட்ட தமது நாயையும் கால்நடை வைத்தியரிடம் காட்ட வேண்டும். "குரைக்கிற நாய் கடிக்காது" என்ற பழமொழியை ஆக்கியவர் நிச்சயமாகக் கடிபடாத ஒருவராகவே இருந்திருப்பார்.

2023 மார்ச் மாதத்தில் பதவிக்காலம் முடிந்த உள்ளூராட்சி மன்றங்கள் ஈராண்டுகளுக்கும் மேலாக மக்கள் பிரதிநிதிகள் இன்றி இயங்கின. 2025 மே 6ஆம் திகதித் தேர்தலின் பின்னரே மாநகர, நகர, பிரதேச சபைகளுக்கு மீண்டும் உறுப்பினர்கள் வந்தனர். வீதியில் அவிழ்த்து விடப்படும் நாய் பற்றிய முறைப்பாடு முதலில் சென்று சேர வேண்டிய இடம் அச்சபைகளேயாகும். நாய்ப் பதிவுக்கான அதிகாரம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அவற்றின் கையில் இருக்கின்றது. தடுப்பூசி ஏற்றப்படும் நாளிலேயே அதே இடத்தில் பதிவையும் செய்து, இலக்கமிட்ட வில்லையொன்றைக் கழுத்துப்பட்டியில் மாட்டிவிட ஒரு மேசையும் ஓர் எழுதுவினைஞரும் போதும். அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டங்கள் சபைகளில் வாசிக்கப்படும்போது, வீதி விளக்குகளுக்கும் வடிகால்களுக்கும் இடையே இதற்கும் ஒரு வரி இருக்கின்றதா என உறுப்பினர்களிடம் கேளுங்கள்.