நடுவழியில் விதியை மாற்றலாமா?

கபடியில் கோட்டைத் தள்ளிப் போட்டாலே கத்துகிறவர்கள் நாம். ரோபோ போட்டியிலும் அதே சண்டைதான்.

அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் ரோபோட்டிக்ஸ் போட்டியில் 2023-இல், மூன்று அணிகள் கூட்டாகக் கூம்புகளையும் கனசதுரங்களையும் 27 இடங்களில் வைக்கவேண்டும். அடுத்தடுத்து மூன்று நிரம்பினால் கூடுதலாக 5 புள்ளி. ஆட்டமோ இரண்டரை நிமிடம்தான். கெட்டிக்காரக் கூட்டணிகள் 27-ஐயும் நிரப்பிவிட்டு, வைக்க இடமில்லாமல் நிற்கும் நிலை வந்தது. உடனே ஹூஸ்டன் உலகப் போட்டிக்கு முன்பே திருத்தம்: எல்லாம் நிரம்பியபின், நிரம்பிய இடத்திலேயே இன்னொன்று வைத்தால் 3 புள்ளி.

"ராத்திரி பகலா செஞ்சவன் கதி என்னப்பா?" என்பீர்கள். யாருடைய ரோபோவும் செல்லாததாகிவிடவில்லையே! எடையோ அளவோ மாறியிருந்தால் நானே கொடி பிடித்திருப்பேன். ஃபிட்டிங் ஜாப் முடிகிற நேரத்தில் டிராயிங்கை மாற்றினால் அரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு வெளியே வருவோம். மார்க் பிரிப்பு மட்டும் மாறினால்? முணுமுணுத்துக்கொண்டே ராவுவோம்!

வேகமான ரோபோவுக்கு இது லாபம், மெதுவானதுக்கு நஷ்டம். அதை மறுக்கவில்லை. அதனால்தான் கேட்கிறேன்: திருத்தம் எல்லா அணிக்கும் ஒரே நாளில் தெரியவேண்டும், பழகிப் பார்க்க நாலு நாளாவது வேண்டும்.