உளியும் சாணையும்

ஓய்வு வேளையிற் கடைசல் பழகும் தோழர் சிலர், உளியைச் சாணை பிடிக்கும் பொழுதை வீண்பொழுது என்பர். யாம் அதற்கு உடன்படோம். யாமும் ஒருகால் அவ்வாறு எண்ணியே மரக்கிண்ணம் ஒன்றைக் கெடுத்து, கையிலும் வடுப் பெற்றோம்.

மழுங்கிய உளி மரத்தைச் சீவாது, நாரைப் பிய்க்கும். வலிந்து அழுத்தினாலோ, சுழலும் மரத்திற் சிக்கித் துள்ளும். கூரிய உளி மெல்லப் பட்ட அளவிலே சுருள் சுருளாய்ச் சீவும். பின்னர் உப்புத்தாளுக்கு வேலை சிறிதே.

விரைந்து தீட்டலும் ஆகாது. கார்பன் எஃகு உளி சாணையிற் சூடேறி, சென்டிகிரேட் 300 பாகையளவில் நீலம் பூப்பின் வன்மை குன்றும். ஆதலின் அடிக்கடி நீரில் தோய்த்தல் வேண்டும்.

சாணைக்கு எழுந்து செல்லும் பொழுதும் கடைசற் பொழுதே எனத் தோழர் கொள்வாராக.