யார் ஆடும் களம்?

சென்னை பெரியமேட்டில் நேரு உள்விளையாட்டரங்கம் எழும்பியது 1995-இல். அந்த டிசம்பரில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டினார்கள். 8,000 பேர் உட்காரலாம். 'பல்நோக்கு' அரங்கம் என்று பேர். என்னென்ன நோக்கம் என்பது போகப்போகத் தெரிந்தது: 2022-இல் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா, 2024 ஜனவரியில் கேலோ இந்தியா தொடக்க விழா, நடுவில் ரஜினி படத்துக்கும் விஜய் படத்துக்கும் பாட்டு வெளியீடு.

அதே 1995 ஆகஸ்ட் 31-இல்தான் கொடியங்குளத்துக்குள் போலீஸ் புகுந்தது. வீடு வீடாக ஏறி அடித்து நொறுக்கினார்கள். குடிதண்ணீர்க் கிணற்றைக்கூட விடவில்லை. நாலு மாதம்தான், அதே அரசு தலைநகரில் ஏழு நாட்டு விருந்தாளிகளுக்குக் கொடியேற்றியது. அரங்கத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுத மாட்டார்கள். நாம் எழுதுவோம்.

இன்னொன்று. 2002-இல் அந்த ஸ்டேடியத்தை ஒட்டிய வட்டாரத்து நடைபாதைக் குடும்பங்களை எழுப்பிக் கொண்டுபோய்க் கண்ணப்பர் திடல் காப்பகத்தில் விட்டார்கள். தற்காலிகம் என்றார்கள். 20 வருசத்துக்கு மேல் அங்கேயே கிடந்தார்கள். பிள்ளைகள் அங்கேயே வளர்ந்து கல்யாணமும் கட்டிக்கொண்டார்கள்.

அரங்கத்தில் கூட்டம் நிரம்பியது எதற்கு? கபடிக்கு. 2017 அக்டோபர் 28-இல் புரோ கபடி இறுதிப்போட்டி அங்கேதான். விளக்கு, மேட், டி.வி. எல்லாம் ஜோர். நாம் சடுகுடு என்று சொன்ன அதே ஆட்டம்தான். அந்த ஆட்டத்துக்கு ஆள் எங்கிருந்து வருகிறது? 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற அணியில் ஆடி, 1995-இல் அர்ஜுனா விருது வாங்கிய கணேசன், தூத்துக்குடிச் சீமையில் மணத்திக்காரர். 2025-இல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் கபடித் தங்கம் வென்ற அணியின் துணைத்தலைவி கார்த்திகா, கண்ணகி நகர்ப் பெண். கண்ணகி நகர் எது? சென்னையின் குடிசைகளைப் பிடுங்கி ஊருக்கு வெளியே கொட்டிய இடம். நகரம் வெளியே தள்ளிய இடத்திலிருந்துதான் நகரத்துக்குப் பதக்கம் வருகிறது!

சரி, நம்ம பக்கத்துக்கு வருவோம். அருப்புக்கோட்டை, திருச்சுழி கரிசக்காட்டில் சேரிப் பையன் ஆடுவது எங்கே? கம்மாய் வற்றினால் கம்மாய்க்குள்ளே, அதுவும் சீமைக்கருவேல முள்ளை வெட்டி ஒதுக்கிவிட்டு. பொங்கல் போட்டிக்கு ஊர்ப் பொட்டலில் கோடு கிழிப்பார்கள். நம்ம அணி பேர் கொடுக்கப் போனால் "அடுத்த வருசம் பாக்கலாம்டா". தொட்டுப் பிடிக்கிற ஆட்டமாச்சே, தொட்டால்தானே தோற்க முடியும்! இந்தப் பதிலை நானும் வாங்கியிருக்கிறேன். மண்ணில் ஆடிப் பழகியவன் தேர்வுக்குப் போனால் அங்கே மேட் விரித்திருக்கிறது. காலில் ஷூ இல்லை, வழுக்கிவிடுகிறது. தகுதி இல்லை என்று எழுதி அனுப்பிவிடுகிறார்கள்.

2022-இல் அரசு, தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டரங்கம் என்று அறிவித்தது. அருப்புக்கோட்டையும் தொகுதி, திருச்சுழியும் தொகுதி. நான் கேட்பது கட்டடத்தின் உயரத்தை அல்ல, அது நிற்கும் இடத்தை. சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு சேரிப் பெண்பிள்ளை ஆதிக்க சாதித் தெரு வழியாகப் போகாமல் அங்கே போய்ச் சேர முடியுமா? சாவி யார் கையில்? கல்யாணத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் வாடகைக்கு விட்டது போக ஆட எத்தனை நாள்?

மாணவத் தோழர்களே, உங்கள் ஊரில் மைதானம் என்று வருவாய்க் கணக்கில் உள்ள நிலம் எது, அதில் இப்போது யார் ஆடுகிறார்கள் என்று விசாரித்து எழுதி அனுப்புங்கள். ஊர் ஊராக அடுத்த இதழில் அச்சிடுவோம். அந்தப் பட்டியலோடு கலெக்டரைப் பார்க்கப் போவோம்.