தேர்வு எழுதும் கத்தி

மாணவ நண்பர்களே, விநோதமான ஒரு தேர்வைப் பற்றிக் கேளுங்கள். இதில் வினாத்தாள் இல்லை, விடைத்தாளும் இல்லை. தேர்வு எழுதுவது ஒரு கத்தி.

அமெரிக்காவில் வேட்டைக் கத்திகளைக் கையாலேயே செய்து தரும் கொல்லர்கள் பலர் உள்ளனர். வாங்குபவரின் கைப்பிடி அளவையும் தேவையையும் கேட்டறிந்து ஒவ்வொன்றாகச் செய்வது இவர்கள் வழக்கம். இத்தகையோருக்காக 1976-ஆம் ஆண்டு பில் மோரன் என்ற கொல்லரின் முயற்சியால் அமெரிக்கக் கத்திக் கொல்லர் சங்கம் தோன்றியது. சங்கத்தின் முதற் பட்டம் பெற விரும்புபவர், தாமே காய்ச்சி அடித்த கத்தியுடன் தேர்வாளர் முன் நிற்க வேண்டும். அலகின் நீளம் 10 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. முதலில், தொங்கும் ஓர் அங்குலக் கனக் கயிற்றை ஒரே வீச்சில் துண்டாக்க வேண்டும். கயிற்றின் கீழ்நுனி எதிலும் கட்டப்பட்டிராது. அதைப் பிடித்துக் கொண்டிருப்பது அதன் நிலைமம் ஒன்றே! அடுத்து, ஒரு மரச்சட்டத்தை இரண்டு முறை வெட்டி முறிக்க வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு, சாணை பிடிக்காமலே, அதே கூர் கை ரோமத்தை மழிக்க வேண்டும். கடைசியில் அலகை வைஸில் இறுக்கிப் பக்கவாட்டில் 90 பாகை வளைப்பார்கள். ஒடிந்தால் தோல்வி. ஒடியாவிட்டால் தேர்ச்சி; ஆனால் அந்தக் கத்தி இனி எதற்கும் உதவாது.

இந்தத் தேர்வின் குறும்பு எங்கே இருக்கிறது தெரியுமா? மூன்றாம் கேள்வியும் நான்காம் கேள்வியும் ஒன்றுக்கொன்று பகை. கூர் மழுங்காதிருக்க எஃகு கடினமாக இருக்க வேண்டும். கடினமான எஃகோ கண்ணாடியைப் போல ஒடியும். வளைய வேண்டுமானால் மென்மை வேண்டும். மென்மையான எஃகில் கூர் நிற்காது.

நம் ஊர்க் கொல்லர் அரிவாளுக்குத் தோய்ச்சல் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். செஞ்சூடான எஃகில் இரும்பு அணுக்களின் இடுக்குகளில் கரி அணுக்கள் கரைந்திருக்கும். மெல்ல ஆறவிட்டால் அவை வெளியேறித் தனிச் சேர்மமாகப் பிரியும். சட்டென்று எண்ணெயில் தோய்த்தாலோ, அவற்றுக்கு நகர நேரம் இல்லை. அகப்பட்ட இடத்திலேயே சிக்கி, அணிக்கோவையை நெரித்துத் திரிக்கின்றன. அந்த நெரிசல்தான் கடினம். பிறகு சுமார் 200 பாகை செல்சியசில் ஓரிரு மணி நேரம் வைத்தால் நெரிசல் சற்றே தளர்ந்து, ஒடியும் குணம் குறைகிறது.

எந்தச் சூட்டில் தோய்ப்பது? பல கொல்லர்கள் கையில் வைத்திருப்பது ஒரு காந்தம். இரும்பு ஏறத்தாழ 770 பாகையில் காந்தத்துக்கு வசப்படாமல் போகும். அதற்கு மேல் இன்னும் கொஞ்சம் சூடேற்றித் தோய்ப்பார்கள். நம் பாடநூலில் கியூரி வெப்பநிலை என்று இரண்டு வரியில் முடிந்துவிடும் செய்தி, அங்கே அன்றாடக் கருவி.

பகைமை தீரும் வழியும் அழகானது. தடித்த பொருளை வளைத்தால் அதன் வெளிப்புறம் அதிகம் நீள வேண்டும். மெல்லியது சிறிதே நீளும். 6 மி.மீ. தடித்த முதுகை 30 மி.மீ. ஆரத்தில் வளைத்தால் வெளிப்புறம் ஏறத்தாழ 10 சதவீதம் நீள வேண்டும். அரை மி.மீ. தடிப்புள்ள கூரின் அருகே ஒரு சதவீதம் கூட வேண்டாம். எனவே கூரை மட்டும் கடினமாக்கி, முதுகை மென்மையாக விட்டால் போதும். கூர்ப்பகுதியை மட்டும் எண்ணெயில் நனைத்தே இதைச் சாதிக்கிறார்கள்.

இங்கே என் கருத்து ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கையால் செய்தது என்பதாலேயே ஒரு பொருள் உயர்ந்தது என்று நான் நம்பவில்லை. சம்மட்டியால் அடிப்பதால் கூர் 'இறுகுகிறது' என்று சில கொல்லர்கள் சொல்வதுண்டு. உலோகவியல் அதை ஏற்காது. மறுபடி காய்ச்சும்போது அந்த அடியின் விளைவு அழிந்துவிடும். கலிபோர்னியாவில் வாழ்ந்த ராபர்ட் லவ்லெஸ் (1929–2010) புகழ் பெற்ற வேட்டைக் கத்திகளைச் செய்தவர். அவர் முறை, எஃகுப் பட்டையைத் தேய்த்து உருவாக்குவது. முனை சற்றுத் தாழ்ந்த அவரது அலகு, தோலைக் கீறும்போது உள்ளே குடலைக் குத்தாது. சிந்தனை அந்த வடிவத்தில் இருக்கிறது. நான் மதிப்பது சம்மட்டியை அன்று, செய்தவரே தம் பொருளை எல்லார் முன்னிலையிலும் ஒடிக்கக் கொடுக்கும் துணிவை.

"வேட்டை தடை செய்யப்பட்ட நாட்டில் வேட்டைக் கத்தி எதற்கு?" என்று உங்களில் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை நானும் முழு மனத்துடன் ஆதரிப்பவன். நாம் இரவல் வாங்க வேண்டியது கத்தியை அன்று, அந்தத் தேர்வை.

நம் செய்முறைத் தேர்வை எண்ணிப் பாருங்கள். தனி ஊசலில் புவிஈர்ப்பு முடுக்கம் 9.8 வர வேண்டும் என்று தொடங்கும் முன்பே தெரியும். வராவிட்டால் அளவீடுகளை வரவழைத்துக் கொள்கிறோம். பதிவேடு அழகாக இருந்தால் மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது. இதில் ஊசலுக்கு வாய் இல்லை. மாணவனின் கையில் உள்ள பொருளே 'சரி', 'தவறு' என்று சொல்லும் சோதனை ஒன்றாவது ஆண்டுதோறும் இருக்க வேண்டும் என்பேன். மதிப்பெண் பாழாகுமே என்று பெற்றோர் அஞ்சுவர். அப்படியானால் அதற்கு மதிப்பெண்ணே வேண்டாம்; சோதனை மட்டும் இருக்கட்டும்.

கைத்தொழில் வேறு, விஞ்ஞானம் வேறு என்று பிரிப்பதும் எனக்கு உடன்பாடில்லை. பழங்காலத்தில் நம் தென்னாட்டிலிருந்து மேலைநாடுகளுக்குச் சென்ற உருக்கைக் கொண்டு செய்த வாள்களில் நீரலை போன்ற கோலம் தெரியும். அந்தக் கலை பின்னர் மறைந்தது. அதை மீண்டும் கண்டவர்களில் இருவர், அயோவா மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் வெர்ஹோவனும், ஃபுளோரிடாவில் குதிரைகளுக்கு லாடம் அடித்துவந்த ஆல்பிரட் பென்ட்ரேயும். வனேடியம் போன்ற தனிமம் பத்தாயிரத்தில் ஒரு பங்கு இருந்தாலே கோலம் உண்டாகும் என்று கண்டார்கள். 1998-இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரையில் பேராசிரியர் பெயரை அடுத்து லாடக்காரர் பெயரும் இருக்கிறது. கொல்லரின் மகனாகப் பிறந்த மைக்கேல் ஃபாரடேயும் 1820 வாக்கில் நம் உருக்கை ஆராய்ந்தவர்தான், ஸ்டோடார்ட் என்ற கத்தி செய்பவருடன் சேர்ந்து.

கத்தி வேண்டாம், மூன்று தையல் ஊசிகள் போதும். ஆசிரியர் அருகில் இருக்க, கண்ணாடி அணிந்து, இடுக்கியால் பிடித்துச் சாராய விளக்கில் செஞ்சூடாகக் காய்ச்சுங்கள். ஒன்றை மெல்ல ஆறவிடுங்கள். மற்ற இரண்டையும் சட்டென்று நீரில் போடுங்கள். அவற்றில் ஒன்றை உப்புத்தாளால் பளபளப்பாகத் தேய்த்து, சுடருக்கு மேலே தள்ளிப் பிடித்து மெதுவாகச் சூடாக்குங்கள். வைக்கோல் நிறம், பழுப்பு, ஊதா, நீலம் என்று வண்ணங்கள் ஓடும். ஈரச் சாலையில் சிந்திய எண்ணெயில் நிறம் தெரிவதும் இதுவும் ஒரே காரணத்தால்தான். நீலம் வந்ததும் எடுத்துவிடுங்கள். பிறகு மூன்றையும் இடுக்கியால் வளைத்து, எது எத்தனை பாகையில் ஒடிந்தது என்று எழுதுங்கள். வந்ததை வந்தபடியே எழுதுங்கள்.